முகாம்ல இருக்குறவங்களுக்கு நாம செஞ்சது போதுமா?

கேள்வி இதுதான்: அகதியா வந்தவங்கள ஒரு நாடு எப்படி பாதுகாக்கணும், இலங்கைத் தமிழர்களுக்கு நாம இங்க செஞ்சிருக்கறது போதுமா, நம்மள மாதிரி சாதாரண ஆளுங்களால என்ன பண்ண முடியும். கொஞ்சம் நீளமாத்தான் எழுத வேண்டியிருக்கு, பொறுமையா படிங்க.

எனக்கு சொந்த ஊர் திருக்காட்டுப்பள்ளி பக்கம், வேலை திருச்சியில. பன்னண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை ஆனா முகாம் பசங்களுக்கு கணக்கு சொல்லிக் குடுக்கப் போறேன், அப்படியே மனு எழுதிக் குடுக்குறது, பாரம் நிரப்பிக் குடுக்குறது, ஆபீஸுக்குக் கூட போய் நிக்குறதுன்னு ஆயிருச்சு. திருச்சியில கொட்டப்பட்டு முகாம் ஏர்போர்ட் பக்கம் இருக்கு, வாழவந்தான்கோட்டை முகாம் தஞ்சாவூர் ரோட்டுல துவாக்குடிக்கு பக்கத்துல. தினம் அந்த ரோட்டுல பஸ்ல போயிட்டு வர்றவங்கள்ல எத்தன பேருக்கு அங்க ஒரு முகாம் இருக்குன்னு தெரியும்னு எனக்கு சந்தேகம்தான்.

முதல்ல அடிப்படைய சொல்லிடுறேன். அகதிகளுக்குன்னு உலக அளவுல இருக்குறது 1951 ஒப்பந்தம், அப்புறம் அதோட 1967 நெறிமுறை. அதுல முக்கியமானது, உயிருக்கு ஆபத்து இருக்குற இடத்துக்கு ஒருத்தர திருப்பி அனுப்பக் கூடாது. அதுக்கப்புறம் வேலை செய்யுற உரிமை, பள்ளிக்கூடம், அடையாளப் பத்திரம், போக வர உரிமைன்னு வரிசையா வரும். இந்தியா இந்த ரெண்டுலயும் கையெழுத்து போடல. அகதிகளுக்குன்னு தனிச் சட்டமும் நம்மகிட்ட கிடையாது. ஆஸ்திரேலியாவுல இருந்து சுத்திப் பாக்க வந்து விசா முடிஞ்ச பிறகும் தங்குனவரும், மன்னார்ல குண்டுக்குத் தப்பி படகு ஏறி வந்த அம்மாவும் சட்டத்தோட கண்ணுக்கு ஒண்ணுதான், ரெண்டு பேரும் வெளிநாட்டவர். அதுக்காக ஒண்ணுமே இல்லன்னு நினைச்சுடாதீங்க. நம்ம அரசியலமைப்புல 14வது பிரிவு (சட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் சமம்), 21வது பிரிவு (உயிர் வாழுற உரிமை) ரெண்டும் குடிமக்களுக்கு மட்டும்னு எழுதல, எந்த மனுஷனுக்கும்னு எழுதியிருக்கு. 1996ல அருணாச்சல் பிரதேசத்துல, இப்ப பங்களாதேஷா இருக்குற பக்கத்துல இருந்து அகதியா வந்த சக்மா மக்கள விரட்டப் பாத்தப்ப சுப்ரீம் கோர்ட் அத வச்சுத்தான் அவங்க உயிருக்கு மாநில அரசு பாதுகாப்பு குடுத்தாகணும்னு சொல்லுச்சு. ஆனா பேச, நடமாட, விரும்புன ஊர்ல குடியிருக்க, விரும்புன தொழில் செய்யன்னு இருக்குற 19வது பிரிவு குடிமக்களுக்கு மட்டும்தான். உயிரோட இருக்கலாம், ஆனா வாழுறதுக்கு ஒவ்வொண்ணுக்கும் பர்மிஷன் வேணும், முகாம்ல நான் பாத்தது அதத்தான்.

சரி, நாம என்ன செஞ்சோம்? 1983 ஜூலை கலவரத்துல இருந்து ஜனங்க வர ஆரம்பிச்சாங்க, அப்புறம் 1990ல ரெண்டாவது யுத்தம் ஆரம்பிச்சதும் ஒரு அலை, தொண்ணூறுகள் நடுவுல ஒண்ணு, 2006ல ஒண்ணு. எல்லாம் சேத்து 3 லட்சத்துக்கும் மேல வந்திருக்காங்க. எங்க பக்கத்து பெரியவங்க வேதாரண்யம், கோடியக்கரையில படகு வந்து இறங்குனத இன்னிக்கும் சொல்லுவாங்க. வந்தவங்கள ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம்ங்கற ஊர் முகாம்ல பதிவு பண்ணி, அங்கிருந்து மாவட்டம் மாவட்டமா பிரிச்சு அனுப்புனாங்க. 2021 கணக்குல 108 முகாம்ல 58,800 பேர், முகாமுக்கு வெளிய போலீஸ் ஸ்டேஷன்ல பதிஞ்சுட்டு இருக்குற வெளிப்பதிவுக்காரங்க 34,000 பேர். மாசா மாசம் பணம், ரேஷன் அரிசி, பள்ளிக்கூடம், கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி எல்லாம் குடுத்தோம். அந்தப் பணம் 2021ல குடும்பத் தலைவருக்கு 1,500, மத்த பெரியவங்களுக்கு 1,000, பிள்ளைங்களுக்கு 500ன்னு ஏறுச்சு. அதே வருஷம் 7,469 வீடு புதுசா கட்டுறதா அறிவிச்சாங்க, அகதிகள் முகாம்ங்கற பேர மறுவாழ்வு முகாம்னு மாத்துனாங்க.

வீடு விஷயத்த சின்னதா நினைக்காதீங்க. பழைய லைன் வீட்டுக்குள்ள நான் முத தடவ போனப்ப, பத்துக்குப் பத்து ரூமு, மேல தார் ஷீட்டு, நடுவுல ஒரு பழைய சேலைய கட்டி ரெண்டா பிரிச்சிருந்தாங்க, அந்தப் பக்கம் கல்யாணம் ஆன மகனும் மருமகளும், இந்தப் பக்கம் அம்மா, படிக்கிற பொண்ணு. அப்பா வருஷக்கணக்கா வாசல்லதான் படுத்துருக்காரு, மழை வந்தா பாய சுருட்டிட்டு கோயில் மண்டபத்துக்குப் போயிடுவாராம். அந்தப் பொண்ணு பப்ளிக் எக்ஸாமுக்கு ராத்திரி படிச்சது தெரு லைட்டுல. இப்ப கட்டுற வீடு சுமாரா 300 சதுர அடி, உள்ளயே கக்கூஸ், சிமெண்ட் கூரை. நாப்பது வருஷம் லேட்டுன்னாலும் அது பெரிய விஷயம், யார் செஞ்சாலும் நல்லதுதான்.

ஆனா போதுமான்னு கேட்டா, போதாது. ஏன்னு சொல்றேன். சோறும் கூரையும் குடுத்தோம், காகிதம் குடுக்கல. காகிதம்னு நான் சொல்றது, நீ யாரு, இந்த ஊர்ல உனக்கு என்ன உரிமை, எவ்வளவு நாளைக்குன்னு சொல்ற பத்திரம். அது இல்லாம குடுக்குற எதுவும் குடுக்குறவங்க மனச பொறுத்தது, நாளைக்கு மனசு மாறுனா போயிரும். அப்படி போனதும் உண்டு. 1991ல ராஜீவ் காந்தி கொலைக்கு அப்புறம் முகாம்ல இருந்த ஒட்டுமொத்த ஜனத்து மேலயும் பழி விழுந்துச்சு, காலேஜ் கதவு சாத்துனாங்க, தொண்டு நிறுவனங்கள உள்ள விடல. 1992ல திருப்பி அனுப்ப ஆரம்பிச்சப்ப, படிக்கத் தெரியாத இங்கிலீஷ் பாரத்துல கையெழுத்து வாங்கிட்டு சொந்த விருப்பத்துல போறாங்கன்னு கணக்கு காட்டுனாங்கன்னு பெரிய பிரச்சன ஆயி, அப்புறம்தான் ஐநா அகதிகள் ஆணையத்த சென்னையில ஆபீஸ் போட்டு, போறவங்க உண்மையிலயே விரும்பித்தான் போறாங்களான்னு கேட்டுப் பாக்க விட்டாங்க. கொலையில ஒரு பங்கும் இல்லாத, கைக்கொழந்தையோட வந்த ஆயிரக்கணக்கான பேரு அந்த நாலஞ்சு வருஷத்துல இழந்தத யாரு திருப்பிக் குடுக்குறது? நான் கணக்கு சொல்லிக் குடுத்த ஒரு பையனோட அப்பா, பிளஸ் டூல நல்ல மார்க், அந்த வருஷம்தான் முடிச்சாரு. இன்னிக்கும் பெயிண்ட் அடிக்கத்தான் போறாரு. முகாம்ல பாதி ஆம்பளைங்களுக்கு பெயிண்டிங் வேலைதான், ஏன்னா அதுக்கு யாரும் சர்டிபிகேட் கேக்க மாட்டாங்க.

இப்ப குடியுரிமைக்கு வர்றேன், கேள்வியோட நடு முடிச்சு இதுதான். நம்ம குடியுரிமைச் சட்டத்துல பிறந்த தேதியப் பொறுத்து மூணு விதி இருக்கு. 1950 ஜனவரி 26ல இருந்து 1987 ஜூலை 1க்கு முன்னாடி வரைக்கும் இந்த மண்ணுல பிறந்திருந்தா, அப்பா அம்மா யாரா இருந்தாலும், பிறப்பாலயே இந்தியக் குடிமகன். 1987 ஜூலைல இருந்து 2004 டிசம்பர் 3க்கு முன்னாடி பிறந்திருந்தா, அப்பா அம்மாவுல ஒருத்தர் இந்தியரா இருக்கணும். அதுக்கப்புறம் பிறந்திருந்தா ஒருத்தர் இந்தியரா இருந்தா மட்டும் பத்தாது, இன்னொருத்தர் சட்டவிரோதமா குடியேறினவரா இருக்கக் கூடாது. பாஸ்போர்ட் விசா இல்லாம நாட்டுக்குள்ள வந்தவங்க எல்லாரும் அந்த வார்த்தைக்குள்ள வந்துருவாங்க. உயிர் தப்பி ஓடி வர்றவங்க பாஸ்போர்ட் ஆபீஸ்ல க்யூல நின்னுட்டா படகு ஏறுவாங்க? அந்த வார்த்தை ஒட்டிக்கிட்டதால மனு போட்டு குடியுரிமை வாங்குற வழியும் அடைச்சுப் போச்சு. 2019ல வந்த குடியுரிமைத் திருத்தம் (சிஏஏ) சில நாட்டுல இருந்து வந்தவங்களுக்கு அந்தத் தடைய தளர்த்துச்சு, அதுல பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான்னு மூணு நாடு இருக்கு, இலங்கை இல்ல.

இதுல ரொம்ப பேருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு. முகாம்ல இருக்குறவங்கள்ல பெரிய பங்கு மலையகத் தமிழர், அதாவது இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு இங்க இருந்து போனவங்களோட வம்சம். அவங்க தாத்தா பாட்டி எங்க இருந்து போனாங்க? நம்ம திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாவுல இருந்தும்தான். பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் பயந்து, தோட்டத்துக்கு ஆள் சேக்குற கங்காணி பின்னாடி நடந்து போயி கப்பல் ஏறுன ஜனம். காவேரித் தண்ணி பாஞ்ச மண்ணுலயே நெல்லு இருந்தும் அவங்க வயித்துக்கு இல்லாமப் போச்சு. அங்க காடு வெட்டி தேயிலை போட்டாங்க, 1948ல சிலோன் சுதந்திரம் ஆன கையோட அவங்க குடியுரிமைய பறிச்சாங்க. 1964ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் உக்காந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்குன்னு பிரிச்சுக்கிட்டாங்க, மிச்சம் ஒன்றரை லட்சம் பேர 1974ல பாதிப் பாதி. அந்த ஜனத்துகிட்ட ஒரு வார்த்த கேக்கல. 77லயும் 83லயும் கலவரத்துல அடி வாங்கி மலைய விட்டு வவுனியா, கிளிநொச்சின்னு வடக்க போயி, அங்க யுத்தம் வந்ததும் படகு ஏறி, கடைசியில கொட்டப்பட்டு. முகாம்ல ஒரு பாட்டி எங்கிட்ட, எங்க ஐயாவுக்கு துறையூர் பக்கம், ஊர் பேரு மட்டும் சொல்லிக் குடுத்துட்டு செத்துப் போனாருன்னு சொன்னாங்க. துறையூருக்கு சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இருந்து நேரா பஸ் இருக்கு. அந்த மண்ணுக்குத்தான் அவங்க வெளிநாட்டவர்.

2019ல திருச்சி முகாம்காரங்க போட்ட வழக்குல ஹைகோர்ட் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியா வந்த இவங்க மனுவ வாங்கி மத்திய அரசு பரிசீலிக்கணும்னு சொல்லுச்சு. 2022ல அதே கோர்ட், 1987க்கு முன்னாடி மண்டபத்துல பிறந்த ஒரு கொட்டப்பட்டு முகாம் பொண்ணுக்கு பாஸ்போர்ட் குடுக்கச் சொல்லுச்சு, 2024 தேர்தல்ல அவங்க திருச்சியில ஓட்டும் போட்டாங்க. அன்னிக்கு முகாம்ல அவங்க விரல் மைய ஒவ்வொருத்தரா கையப் பிடிச்சு பிடிச்சுப் பாத்தாங்களாம். 2025 செப்டம்பர்ல புது குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தப்ப, 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு பண்ண இலங்கைத் தமிழர்களுக்கு பாஸ்போர்ட் விசா இல்லங்கறதுக்காக தண்டனை இல்லன்னு விலக்கு குடுத்தாங்க. அது நல்ல அடி, ஆனா அத குடியுரிமைன்னு நினைச்சு ஏமாந்துடாதீங்க. ஜெயில்ல போட மாட்டோம்ங்கறது வேற, நீ எங்க ஆளுங்கறது வேற.

2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட்ல ஒரு இலங்கைத் தமிழர் வழக்கு விசாரணையில, உலகத்துல இருக்குற அகதிகளை எல்லாம் வச்சுக்க இது தர்மசத்திரம் இல்லங்கற மாதிரி பெஞ்ச் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சத்திரத்தோட ஊர்க்காரன் நான், அதனால அந்த வார்த்த என்னைய ரொம்ப நாள் தூங்க விடல. தஞ்சாவூர் மராட்டிய ராஜாக்கள் ராமேஸ்வரம் போற வழி நெடுக சத்திரம் கட்டி வச்சிருந்தாங்க, ஒரத்தநாட்டுல முத்தம்பாள் சத்திரம் இன்னிக்கும் நிக்குது. 1801ல சரபோஜி மன்னர் அங்க இருந்த இங்கிலீஷ் ரெசிடெண்டுக்கு, அதாவது கம்பெனி ஆட்சியோட பிரதிநிதிக்கு, சத்திரத்துல என்னென்ன நடக்குதுன்னு ஒரு கடிதம் எழுதியிருக்காரு. சாதி பாக்காம வர்ற எல்லா வழிப்போக்கருக்கும் சோறு. நடுராத்திரிக்கு மணி அடிச்சு, இன்னும் சாப்புடாதவங்க யாராச்சும் இருந்தா வாங்கன்னு கூப்புட்டு குடுக்குறது. நோயாளிக்கு மருந்தும் பத்தியமும், கொழந்தைக்கு பால், வழியில பிரசவம் ஆனா கவனிப்பு, செத்துப் போனா அவங்கவங்க வழக்கப்படி காரியம். இதையெல்லாம் கைவிடாம காப்பாத்தணும்னு கேட்டு எழுதுன கடிதம் அது. அதனால சத்திரம்ங்கறத மட்டமான வார்த்தையா எடுத்துக்க எனக்கு மனசு வராது. ஆனா யோசிச்சுப் பாத்தா இன்னொண்ணும் தோணுது. சத்திரம் வழிப்போக்கருக்கு. 1990ல ஆறு வயசுல வந்து இறங்குன பிள்ளைக்கு இப்ப பேரன் பேத்தி எடுக்குற வயசு. அவங்க சத்திரத்துல எடம் கேக்கல, தெருவுல ஒரு வீட்டுக்காரரா இருக்க எடம் கேக்குறாங்க.

வேற நாட்டுல எப்படி பண்றாங்கன்னும் பாருங்க. உகாண்டா நம்மள விட ஏழை நாடு, பத்து லட்சத்துக்கும் மேல அகதிகள் இருக்காங்க. 2006ல சட்டம் போட்டு வேலை செய்யுற உரிமை, நடமாடுற உரிமை குடுத்து, குடியிருப்புல பயிர் வைக்க துண்டு நெலமும் குடுக்குறாங்க. குறையே இல்லன்னு சொல்லல, ஜனம் கூடக் கூட துண்டு சின்னதாகுது, ஆனா சொந்தக் கால்ல நிக்க விடணும்ங்கற எண்ணம் சட்டத்துல இருக்கு. கொலம்பியா 2021ல வெனிசுலாவுல இருந்து வந்த லட்சக்கணக்கான பேருக்கு பத்து வருஷ அனுமதிச் சீட்டு குடுத்துச்சு, பேங்க், வேலை, ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் அந்த ஒரு சீட்டு. நம்ம ஊர்ல ஆதார் குடுத்துட்டாங்க, ஆனா ஆதார் குடியுரிமைக்கு ஆதாரம் இல்ல. கவர்ன்மென்ட் வேலைக்கு அப்ளை பண்ண முடியாது, வெளிநாட்டு வேலைக்குப் போக பாஸ்போர்ட் இல்ல, இன்ஜினியரிங் முடிச்ச பிள்ளைங்க கம்பெனி இன்டர்வியூல எல்லா ரவுண்டும் தாண்டி, கடைசியில பாரத்துல நேஷனாலிட்டின்னு கேக்குற கட்டத்துல வந்து நிக்கும். எங்கிட்ட படிச்ச ஒரு பொண்ணுக்கு அப்படித்தான் ஆச்சு, ஆஃபர் லெட்டர் வரும்னு வீட்டுல சுவீட் வாங்கி வச்சிருந்தாங்க. அந்தக் கம்பெனி மேல கோவப்பட்டு என்ன, அவங்களுக்கும் என்ன எழுதுறதுன்னு தெரியல.

அப்புறம் சிறப்பு முகாம் ஒண்ணு இருக்கு, திருச்சி சென்ட்ரல் ஜெயில் வளாகத்துல. பேரு முகாம், உள்ள இருக்குறது காவல். வழக்குல ஜாமீன் கிடைச்சவங்களையும் தண்டனை முடிச்சவங்களையும் கூட அங்க வச்சிருந்திருக்காங்க, எத்தனையோ தடவ உண்ணாவிரதம் இருந்துட்டாங்க. பாதுகாப்புக் காரணம் இருக்கலாம், ஆனா எத்தன நாள், எப்ப வெளியன்னு தேதி இல்லாம ஒருத்தர அடைச்சு வைக்குறது எனக்கு நியாயமா படல.

திரும்பிப் போறதும் ஒரு தீர்வுதான், போக விரும்புறவங்க இருக்காங்க. ஆனா அதுக்கும் காகிதம்தான். இங்க பிறந்த பிள்ளைய சென்னையில இருக்குற இலங்கை துணைத் தூதரகத்துல பதிவு பண்ணி, அந்த நாட்டுக் குடியுரிமைச் சான்று வாங்கணும், அது இல்லன்னா அந்தப் பிள்ளை ரெண்டு நாட்டுக்கும் இல்ல. இந்த வேலைய 1984ல இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவோட மகன் சந்திரஹாசன் ஆரம்பிச்ச ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் வருஷக்கணக்கா பண்ணிட்டு வருது. போறதா இருக்கறதாங்கறத அவங்கதான் முடிவு பண்ணணும், ரெண்டுக்கும் கதவு திறந்திருக்கணும்.

சரி, நாம என்ன பண்றது? பெயிண்ட் அடிக்க, சென்ட்ரிங் போட வர்றவருக்கு ஊர்க்காரருக்கு குடுக்குற அதே கூலி குடுங்க, முகாம்காரர்தானேன்னு நூறு ரூபா குறைக்குற பழக்கம் இன்னிக்கும் இருக்கு, நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். வெளிப்பதிவுக்காரங்களுக்கு வீடு வாடகைக்கு குடுக்க பயப்படாதீங்க, வாடகை ஒப்பந்தம் எழுதி போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லிட்டா ஒரு சிக்கலும் இல்ல. ஸ்கூல்ல வாத்தியாரா இருந்தா, கிளாஸ்ல 'முகாம் பசங்க எந்திரிங்க'ன்னு மட்டும் சொல்லாதீங்க. ஸ்காலர்ஷிப் பாரத்துக்காகத்தான் சொல்லுவாங்க, கெட்ட எண்ணம் இல்ல, ஆனா எந்திரிக்கிற பிள்ளை மூஞ்சிய ஒரு தடவ பாத்தா அப்புறம் சொல்ல மாட்டீங்க.

படிச்சவங்க, குறிப்பா வருவாய்த் துறையில, வக்கீல் ஆபீஸ்ல இருக்குறவங்க பண்ணக்கூடிய பெரிய உதவி காகித வேலைதான். போன வருஷம் ஒரு அக்கா கட்டிலுக்கு அடியில இருந்து ஜவுளிக்கடை பாலிதீன் கவர் ஒண்ண எடுத்து, உள்ள இருந்தத எல்லாம் பாயில ஒவ்வொண்ணா பரப்பி வச்சாங்க. மண்டபத்துல குடுத்த பதிவுச் சீட்டு மடிப்புல நாலா கிழிஞ்சு போயி, முகாம் கார்டு, பத்தாவது மார்க் ஷீட்டு, ஒரு தடுப்பூசி அட்டை, எல்லாத்துக்கும் அடியில மஞ்சளாப் போன கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, அதுல அவங்க அம்மா பேரு, பெண் குழந்தை, 1986. 'சேர், இது எதுக்காச்சும் உதவுமா?'ன்னு கேட்டாங்க. நாப்பது வருஷமா அவங்க வீட்டுல அந்தச் சீட்டு இருந்திருக்கு, அதுல ஒரு நாட்டோட குடியுரிமை இருந்திருக்கு, சொல்ல ஆள் இல்ல. பிரச்சன என்னன்னா சீட்டுல அம்மா பேரு ஒரு மாதிரி, முகாம் கார்டுல ஒரு மாதிரி, மார்க் ஷீட்டுல இனிஷியலே வேற. ஒரு ஆபீஸ்ல இதக் காட்டி மூணு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க, அதுல ஒரு தடவ நாலு மணி நேரம் உக்கார வச்சுட்டு. இப்ப பேரு மூணும் ஒரே ஆளுதான்னு அபிடவிட் போட்டு, பிறப்பத் தாமதமா பதிவு பண்ண மனு குடுத்திருக்கோம். ஒரு வருஷத்துக்கு மேல ஆன பிறப்புக்கு முன்னாடி மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு போகணும், இப்ப கோட்டாட்சியர் மட்டத்துலயே உத்தரவு வாங்கலாம், அது பெரிய வசதி.

அதனால உங்களுக்குத் தெரிஞ்ச முகாம் குடும்பம் இருந்தா, 1987 ஜூலைக்கு முன்னாடி இந்த மண்ணுல பிறந்தவங்க யாராச்சும் அந்த வீட்டுல இருக்காங்களான்னு முதல்ல கேளுங்க. அதோட விடாதீங்க, 1987க்கும் 2004க்கும் நடுவுல பிறந்தவங்களுக்கு அப்பா அம்மாவுல ஒருத்தர் இப்படி இந்தியரா வந்துட்டா அவங்களுக்கும் வழி திறக்குது, அந்த அக்காவுக்கு 2003ல பிறந்த மகன் இருக்கான். அந்தக் கவர பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க. ஆஸ்பத்திரி சீட்டு, ஞானஸ்நானப் பதிவு, ஸ்கூல் டிசி, எது இருந்தாலும் பழசுன்னு தூக்கிப் போட வேண்டாம். கிழிஞ்சிருந்தா டேப் ஒட்டாதீங்க, லேமினேட் பண்ணாதீங்க, ஒரிஜினல்னு ஒத்துக்காமப் போகலாம். ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு ஒரிஜினல தனிக் கவர்ல வைங்க. மனு குடுத்தா ரசீது வாங்காம வராதீங்க.